பத்மபாணியை நேரில் பார்க்கும்போது

கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களுக்கு அஜந்தா என்றதும் ஆயனச் சிற்பியின் ஏக்கம் நினைவுக்கு வராமல் போகாது. அழியாத வர்ணத்தின் ரகசியத்தைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்று அவர் தவித்த தவிப்பு, படித்த நம்மையும் பிடித்துக்கொண்டது. காலத்தால் மங்காத நிறங்கள், நேற்றுத் தீட்டி முடித்த சுவர்கள் என்று ஓர் அஜந்தா நம் மனத்தில் குடியேறிவிட்டது. அதற்குப் பொருத்தமாகப் பாடப்புத்தகத்திலும் காலண்டரிலும் ஒரு முகத்தைக் காட்டினார்கள்: ஒருபுறம் சாய்ந்த தலை, உயர்ந்த மகுடம், பாதி தாழ்ந்த இமைகள், வலக்கையில் பூ. முதலாம் குகையில் இருக்கும் போதிசத்துவர் பத்மபாணி. எங்கள் வீட்டில் அப்பா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு, தான் உட்கார்ந்து படிக்கும் நாற்காலிக்கு எதிரே மாட்டியிருந்தார். கருணை என்றால் அந்த வயதில் எனக்கு அந்த முகம்தான்.

இப்படி ஒரு முகத்தை நேசித்து வளர்ந்தவர்கள் நேரில் போனால், குகைக்குள் நுழைந்த முதல் சில நிமிடங்களில் மனம் சோர்ந்துபோகும். எனக்கும் அப்படித்தான் ஆனது. இருட்டு, பழுப்பு, பெயர்ந்த சுவர். படத்தில் இருந்த ஒளி எங்கேயும் இல்லை. பலர் அந்த நிலையிலேயே வெளியே வந்துவிடுகிறார்கள். ‘புத்தகத்தில் பார்த்ததே நன்றாக இருந்தது’ என்று சொல்லிக்கொண்டு அடுத்த குகைக்கு நடக்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. ஏன் அப்படித் தெரிகிறது, எப்போது வேறுவிதமாகத் தெரியத் தொடங்கும், எங்கே நின்று எதைப் பார்ப்பது என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கண்ணைப் பற்றி. வாகோரா ஆறு குதிரை லாட வடிவில் வளையும் ஒரு பள்ளத்தாக்கில், செங்குத்தான பாறையில் வரிசையாக வெட்டப்பட்டவை அஜந்தா குகைகள். மொத்தம் 30. மகாராஷ்டிரத்து வெயிலில் பாறையை ஒட்டிய பாதையில் நடந்துவந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைக்கிறோம். கண்மணி சில நொடிகளில் விரிந்துவிடும். விழித்திரை அவ்வளவு சீக்கிரம் பழகாது. நிறம் காணும் கூம்பு செல்கள் ஓரளவு தயாராக ஐந்து, பத்து நிமிடம் வேண்டும். மங்கிய ஒளியில் உருவம் காணும் குச்சி செல்கள் முழுத் திறனை எட்ட 20 முதல் 30 நிமிடம்கூட ஆகும். இன்னொன்றும் உண்டு. ஒளி குறையக் குறைய நம் கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் கறுத்துப்போகும். நீலமும் பச்சையும் அதைவிடத் தாக்குப்பிடிக்கும். அஜந்தாச் சுவர்களில் பெரும்பகுதி செங்காவியும் மஞ்சள்காவியும் பழுப்பும்தான். ஆகவே வெயிலிலிருந்து நேராக வந்து நிற்பவருக்கு ஓவியத்தின் பாதி வந்து சேர்வதே இல்லை.

இதற்கு மருந்து காத்திருப்பதுதான். கூட்டம் அதிகமான நாளில் குழு குழுவாக உள்ளே விடுவார்கள், சிறிது நேரத்தில் வெளியே வரச் சொல்வார்கள் என்பதால் காத்திருப்பதும் எளிதல்ல. வாசலில் வரிசையில் நிற்கும்போதே நிழலான இடமாகப் பார்த்து நில்லுங்கள். உள்ளே போனதும் நேராகப் பின்சுவருக்கு ஓடாமல் முதலில் மேலே பாருங்கள். கூரை முழுவதும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, பூவும் கனியும் வாத்தும் யானையுமாக நிரப்பியிருக்கிறார்கள். தூண்களில் ஒன்றின் தலைப்பில் நான்கு மான்களுக்கு ஒரே தலை வைத்துச் செதுக்கியிருப்பார்கள். எந்த மானைப் பார்த்தாலும் அந்தத் தலை அதற்கே உரியதாகத் தெரியும். இவற்றைப் பார்த்து முடிப்பதற்குள் கண் பழகிவிடும். இடையில் கைபேசித் திரையை மட்டும் பார்க்காதீர்கள். அந்த வெளிச்சம் கண்ணை மறுபடி தொடக்கத்துக்கே கொண்டுபோய்விடும்.

பிறகு பின்சுவரை நோக்கி நடந்தேன். அச்சுப் படம் எனக்குக் காட்டாமல் விட்டது எவ்வளவு என்று அங்கேதான் தெரிந்தது.

வீட்டிலிருந்த படம் மார்பளவில் வெட்டப்பட்ட ஒரு தனி உருவம். புத்தகங்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். உண்மையில் பத்மபாணி தனியாக இல்லை. முதலாம் குகை ஏறக்குறைய 64 அடிச் சதுரமான ஒரு மண்டபம்; சுற்றிலும் 20 தூண்கள். பின்சுவரின் நடுவே கருவறைக்குப் போகும் வழி. உள்ளே, கல்லில் செதுக்கிய பெரிய புத்தர் அறவுரை சொல்லும் முத்திரையோடு அமர்ந்திருக்கிறார். அந்த வழிக்கு இடப்பக்கம் பத்மபாணி நிற்கிறார். வலப்பக்கம் இன்னொரு போதிசத்துவர். பொதுவாக வஜ்ரபாணி என்று சொல்வார்கள், அவர் யார் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவருடைய மகுடம் இன்னும் கனமான வேலைப்பாடு கொண்டது. இருவரும் ஆளுயரத்தைவிடப் பெரியவர்கள். நம் கோயில்களில் கருவறை வாயிலின் இருபுறமும் துவாரபாலகர் நிற்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். ஆனால் இவர்கள் காவல் காக்கவில்லை. கோபமும் இல்லை, ஆயுதம் ஓங்கவும் இல்லை. உள்ளே இருப்பவரிடம் போகிறவர்களுக்கு இருபுறமும் இடம்விட்டு நிற்கிறார்கள்.

இது தெரிந்ததும் அந்தத் தாழ்ந்த பார்வைக்குப் பொருள் கிடைத்தது. வீட்டில் படம் என் கண்மட்டத்தில் தொங்கியது. அந்த உயரத்தில் அது தனக்குள் ஆழ்ந்துபோன ஒரு முகம். குகையில் அவர் முகம் நமக்கு மேலே இருக்கிறது. அண்ணாந்து பார்க்கிறோம், இமைகள் கீழ்நோக்கித் தாழ்ந்திருக்கின்றன. நடமாடும் மனிதர்களுக்கு மேலிருந்து கீழே பார்க்கும் முகமாக அதைத் தீட்டியிருக்கிறார்கள். அவரைச் சுற்றி ஒரு கூட்டமே இருக்கிறது: பக்கத்தில் கருநிறத்தில் ஒரு பெண், பாறைகளுக்கு இடையே குரங்குகள், மயில்கள், இசைக்கும் கின்னரர்கள். எல்லாரும் அவரைவிடச் சிறிய அளவில். அத்தனை சந்தடிக்கு நடுவே அவர் மட்டும் அசையாமல், உடலை மூன்றாக வளைத்து நிற்கிறார். படத்தில் கண்ட அமைதிக்குச் சுற்றிலும் எதுவும் இல்லை. குகையில் உள்ள அமைதி இவ்வளவு பேருக்கு நடுவில் கிடைத்தது. எனக்கு இரண்டாவதுதான் பெரியதாகப் படுகிறது.

அருகே போய்ப் பாருங்கள், தடுப்பு அனுமதிக்கும் அளவுக்கு. கோடுதான் முதலில் கண்ணில் படும். இரண்டு புருவமும் சேர்ந்து ஒரே வளைவாக ஓடுகின்றன. தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கும் கோட்டில் ஒரு தயக்கமும் இல்லை. தீட்டியவர் கை நின்று யோசித்த இடமே தெரியவில்லை. நிழல் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று தேடினால் கிடைக்காது. விளிம்பில் நிறத்தை அடர்த்தியாக்கி, மேடான இடத்தில் வெளிறச் செய்தே உருவத்துக்குத் திரட்சி கொடுத்திருக்கிறார்கள். மூக்கின் மேல் ஒரு வெளிச்சக் கீற்று. கழுத்திலும் மார்பிலும் முத்துகள். அச்சில் இவையெல்லாம் ஒரே தட்டையான மேற்பரப்பாகிவிடுகின்றன. நேரில், மகுடத்துக்குப் பக்கத்தில் பூச்சு பெயர்ந்த ஒரு பள்ளமும் அதன் விளிம்பில் நிழலும் தெரிகிறது. நாம் ஒரு சுவரின் முன்னால் நிற்கிறோம் என்பது அப்போது உறைக்கிறது.

அந்தச் சுவர் மண்சுவர். ஆயனர் தேடிய ரகசியத்துக்கு இங்கே விடை சொல்லிவிடலாம். முதலில் பாறையை உளியால் சொரசொரப்பாக்கினார்கள். அதன்மேல் இரும்புச் சத்துள்ள மண்ணோடு பாறைத்தூள், உமி, புல், நார் எல்லாம் குழைத்து ஒரு பூச்சு. அதற்குமேல் நயமான இன்னொரு பூச்சு. கடைசியாக மெல்லிய வெள்ளை. அது காய்ந்த பிறகு, பசையில் கலந்த நிறங்களால் தீட்டினார்கள். செங்காவி, மஞ்சள்காவி, பச்சை மண், விளக்குக் கரி, வெள்ளைக் களிமண் அல்லது சுண்ணாம்பு. கரி ஒன்றைத் தவிர எல்லாம் தரையில் தோண்டி எடுத்தவை. நீலம் மட்டும் தொலைவிலிருந்து வந்தது: ஆப்கானிஸ்தான் மலைகளின் லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லைப் பொடித்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் இந்த வகை அல்ல. அவை ஈரச் சுண்ணாம்பின்மேல் தீட்டியவை என்று சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் ஆராய்ந்து சொன்னார். ஈரச் சுண்ணாம்பு காயும்போது நிறத்தைத் தன்னோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த மண்ணுக்கு அந்தப் பிடி கிடையாது.

ஆக, அழியாத வர்ணம் என்று ஒன்று அஜந்தாவில் இல்லை. மண்ணிலிருந்து எடுத்த நிறங்கள் எளிதில் வெளுப்பதில்லை; இருட்டும் பாறையும் ஆளில்லாத பல நூற்றாண்டுகளும் அவற்றுக்குத் துணை நின்றன. அவ்வளவுதான். பூச்சிலுள்ள உமியையும் புல்லையும் பூச்சிகள் தின்றன; வௌவால்கள் குடியிருந்தன; மழைநீர் கசிந்தது. பத்மபாணியின் உருவத்திலேயே கீழே வரவரச் சிதைவு அதிகம். இந்தச் சிதைவைத் தெரிந்துகொண்டு பார்க்கிறவருக்கு ஏமாற்றம் இருக்காது. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாகாடக மன்னன் ஹரிஷேணன் காலத்தில் மண்ணிலும் உமியிலும் செய்த ஒரு முகம், இன்றும் பார்க்கக் கிடைக்கிறதே என்ற வியப்புதான் மிஞ்சும்.

கல்கியின் வாசகர்களுக்கு இன்னொரு செய்தி. இதே முதலாம் குகையில் பாரசீகர் தோற்றத்தில் சிலர் ஓர் அரசனிடம் வரும் காட்சி உண்டு. அது, ‘சிவகாமியின் சபத’த்தில் வரும் சாளுக்கிய மன்னன் புலிகேசி பாரசீகத் தூதரை வரவேற்பது என்று 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பெர்குசன் கூறினார். நீண்ட காலம் அது நம்பப்பட்டது. குகை புலிகேசிக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தையது என்பதால் இன்று ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. புலிகேசியைத் தேடிப் போனால் கிடைக்கமாட்டார்.

இந்த ஓவியங்களை நேசித்தவர்களின் கதையும் நான் அங்கே நிற்கும்போது மனத்தை விட்டு அகலவில்லை. 1819 ஏப்ரலில் வேட்டைக்கு வந்த ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரி பத்தாம் குகையைக் கண்டார். கண்ட கையோடு தன் பெயரையும் தேதியையும் ஓவியத்தின் மேலேயே கீறிவைத்தார். 1844இல் கிழக்கிந்தியக் கம்பெனி, மெட்ராஸ் ராணுவத்தைச் சேர்ந்த ராபர்ட் கில் என்பவரை ஓவியங்களைப் பிரதி எடுக்க அனுப்பியது. அப்போது அவருக்கு ஏறக்குறைய 40 வயது. சுவரில் இருக்கும் அளவிலேயே கித்தானில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டத் தொடங்கினார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்தக் காட்டிலேயே கழிந்தன. முடித்த படங்கள் லண்டன் போய்ச் சேர்ந்தன, கிரிஸ்டல் பேலஸில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1866 டிசம்பரில் அங்கே தீப்பிடித்தது. ஒரு சிலவற்றைத் தவிர எல்லாம் எரிந்துபோயின. கில் அதன் பிறகும் அஜந்தாவை விட்டுப் போகவில்லை. 1879இல் இறந்தார், கல்லறை புசாவலில் இருக்கிறது.

அடுத்து வந்தவர் பம்பாய் ஓவியப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ். 1872 முதல் 1885 வரை தன் மாணவர்களோடு வந்து ஏறக்குறைய 300 பிரதிகள் எடுத்தார். அவையும் லண்டன் போயின; 1885இல் அங்கே ஏற்பட்ட தீயில் பல அழிந்தன. இரண்டு தலைமுறை உழைப்பை நெருப்பு கொண்டுபோயிற்று. மண்சுவரில் இருந்த மூலம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

பிரதி எடுத்தவர்களின் ஆசை சுவருக்கும் கேடு செய்தது. மங்கிய ஓவியம் தெளிவாகத் தெரியவேண்டும் என்று அதன்மேல் வார்னிஷ் பூசினார்கள். 1920இல் ஹைதராபாத் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து செக்கோனி, ஓர்சினி என்ற இரண்டு நிபுணர்களை வரவழைத்தது. சுவரைவிட்டுக் கழன்று நின்ற பூச்சுகளை மறுபடி ஒட்டி, விழ இருந்த பலவற்றைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். அவர்கள் பாதுகாப்புக்காகப் பூசிய அரக்குப் பூச்சோ நாளடைவில் மஞ்சளித்து அழுக்கைப் பிடித்துக்கொண்டது. பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் அதை மெல்ல மெல்ல அகற்ற வேண்டியிருந்தது. அஜந்தாவில் கண்ணில் படும் பழுப்பு முழுவதும் காலத்தின் பழுப்பல்ல. அதில் ஒரு பங்கு, காப்பாற்ற நினைத்தவர்கள் விட்டுச்சென்றது.

அப்படியென்றால் புத்தகத்தில் பளிச்சென்று தெரிகிறதே, அது பொய்யா? பொய் என்று சொல்லமாட்டேன். அங்கே ஃபிளாஷ் வெளிச்சத்துக்கு இடமில்லை. 1990களின் தொடக்கத்தில் பெனாய் பெல் என்ற புகைப்படக் கலைஞர், குகையின் மிகக் குறைந்த ஒளியிலேயே, கேமராவின் கண்ணை நெடுநேரம் திறந்துவைத்துப் படமெடுத்தார். மனிதக் கண் ஒளியைச் சேர்த்து வைக்காது. கேமரா சேர்த்து வைக்கும். அதனால் நமக்குத் தெரியாத நிறங்கள் படத்தில் தெரிந்தன. அந்தப் படங்களைப் போவதற்கு முன்னால் நன்றாகப் பார்த்துவிட்டுப் போங்கள். எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று மனத்தில் பதிந்திருந்தால், மங்கிய சுவரிலும் கண் அதைக் கண்டெடுத்துவிடும். நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் புத்தகம். அளவுக்கும் இடத்துக்கும் கோட்டின் உயிருக்கும் குகை. இரண்டும் வேண்டும்.

ஒளி எவ்வளவு செய்யும் என்பதை அங்கேயே கண்ணால் காணலாம். கருவறைப் புத்தரின் முகத்தில் வழிகாட்டிகள் விளக்கை ஒரு பக்கத்திலிருந்து காட்டுவார்கள். முகம் இறுகித் தெரியும். மறுபக்கத்திலிருந்து காட்டினால் மெல்லிய புன்னகை. வித்தை காட்டுவதாக நினைத்து ஒதுக்காதீர்கள். இந்த மண்டபம் விளக்கொளிக்கும் வாசல் வழி வரும் பகல் ஒளிக்கும் ஏற்றதாகச் செய்யப்பட்டது. ஆடும் சுடரில் பத்மபாணியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அந்த ஒரு நிமிடத்தில் ஊகிக்கலாம். அஜந்தாவிலேயே பல பத்தாண்டுகள் செலவிட்ட அமெரிக்க அறிஞர் வால்டர் ஸ்பிங்க், இந்தக் கருவறையில் முறையாக வழிபாடே நடக்கவில்லை, அரசன் ஹரிஷேணன் இறந்ததும் எல்லாம் நின்றுபோயிற்று என்று கருதினார். புத்தருக்கு முன்னால் விளக்குப் புகை படிந்த கறை இல்லை என்பது அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று. அது சரியானால், இந்த முகத்தைத் தீட்டியவர்கள் எதற்காகத் தீட்டினார்களோ அது நடக்கவே இல்லை. அதை நினைக்கும்போது எனக்கு இன்னும் வலிக்கிறது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். சென்னையிலிருந்து அகமதாபாத் போகும் நவஜீவன் எக்ஸ்பிரஸ் ஜல்காவ்ன் வழியாகப் போகிறது. அங்கிருந்து அஜந்தா ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஜல்காவ்னுக்குச் சற்று முன்னால் வரும் நிலையம்தான் கில் அடங்கியிருக்கும் புசாவல். ஔரங்காபாத், அதாவது இன்றைய சத்ரபதி சம்பாஜிநகர் வழியாகப் போனால் 100 கிலோமீட்டர். குகைக்குச் சில கிலோமீட்டர் முன்பே, ஃபர்தாபூர் பக்கம், வண்டிகளை நிறுத்திவிட்டுச் சுற்றுலாப் பேருந்தில் ஏறவேண்டும். அதன் பிறகு படிகள். முதியவர்களுக்கு டோலி கிடைக்கும்.

ஒரே நாளில் அஜந்தாவையும் எல்லோராவையும் முடித்துவிடலாம் என்று சொல்லும் பயண ஏற்பாட்டை ஏற்காதீர்கள். அஜந்தாவிலேயே எல்லாக் குகையையும் பார்த்தாகவேண்டும் என்று ஓடவும் வேண்டாம். ஓவியத்துக்காகப் போகிறீர்கள் என்றால் 1, 2, 16, 17 போதும். கதவு திறந்ததும் கூட்டம் சேர்வதற்குள் முதலாம் குகைக்குப் போய்விடுங்கள். மற்றவற்றைப் பார்த்துவிட்டு, முடிந்தால் மாலையில் மறுபடி ஒருமுறை உள்ளே போங்கள். ஃபிளாஷ் வேண்டாம். சுவரில் சாயவோ தூணைத் தொடவோ வேண்டாம். குழந்தைகளிடம் முன்பே சொல்லிக் கூட்டிப்போங்கள். நம் மூச்சின் ஈரமே அந்த மண்ணுக்குப் பகை என்பதால், வெளியே வரச் சொல்லும் காவலரோடு வாதாடாமல் வந்துவிடுங்கள். திங்கட்கிழமை குகைகள் திறப்பதில்லை. பயணச்சீட்டு எடுக்கும்போதே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.